சாட்டில 6/6, பொழுதுபட்டால் தடுமாற்றம்: ஆரம்பநிலை மக்குலாத் தேய்வில பார்வையை எப்பிடி அளக்கிறது?

குருநகரான் கேட்டது:

வணக்கம். யாழ் நகரில ஒரு சின்னக் கண் பரிசோதனை அறைக்காகக் கேட்கிறன். 60 வயது தாண்டின, ஆரம்பநிலை மக்குலாத் தேய்வு (வயதோட விழித்திரையின்ர நடுப்பகுதியான மக்குலா தேயிறது, சுருக்கமா ஏ.எம்.டி.) உள்ள ஆக்கள். விழித்திரைப் படத்தில ட்ரூசன் (விழித்திரைக்கு அடியில படியிற மஞ்சள் பொட்டுகள்) தெரியுது, ஓ.சி.ரி.யிலயும் (விழித்திரையைக் குறுக்குவெட்டாக் காட்டுற ஸ்கான்) அதே. நீர்க்கசிவு இல்லை, இரத்தக்கசிவு இல்லை. கண்ணாடி போட்டால் 6/6 (வழமையான கூர்மை), மிஞ்சினால் 6/7.5 (ஒரு வரி குறைவு). ஆனா முறைப்பாடு மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரி. வெயிலுக்குள்ளால வந்து கோயிலுக்குள்ள காலை வைச்சால் கொஞ்ச நேரம் ஒண்டும் பிடிபடாது. பொழுதுபட்டாப் பிறகு ஒழுங்கையில எதிர் லைற் அடிச்சால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியிருக்கு. பேப்பர் வாசிக்க யன்னலடிக்குப் போகவேணும்.

இருட்டுக்குக் கண் பழகுறதை அளக்கிற கருவியோ மைக்ரோபெரிமீற்றரோ (விழித்திரையின்ர உணர்திறனைப் புள்ளி புள்ளியா அளக்கிறது) கையில இல்லை. இருக்கிறது இவ்வளவுதான்: 4 மீற்றர் லொக்மார் சாட் (வரிக்கு வரி ஒரே விகிதத்தில சிறுக்கிற எழுத்துச் சாட்), ட்ரயல் பிரேம் (வில்லை மாத்திப் போடுற சோதனைக் கண்ணாடி), நேரடி ஒப்தல்மொஸ்கோப் (கண்ணுக்குள்ள பார்க்கிற கைவிளக்கு), ஓ.சி.ரி., தானியங்கிப் பெரிமீற்றர் (பார்வைப் புலத்தை அளக்கிறது). இதை வைச்சு ஆரம்பநிலை ஏ.எம்.டி.யில பார்வைக் குறைவை நம்பத்தக்க மாதிரி அளக்க ஏலுமோ? வருசா வருசம் ஒப்பிடக்கூடிய இலக்கமா வேணும். சும்மா "கொஞ்சம் மங்கல்" எண்டு எழுதிவைக்கிறதில பிரயோசனம் இல்லை.

---

பனையடி மறுமொழி:

ஏலும் தம்பி. முதல்ல வகையைச் சரியாப் பிரிச்சுக்கொள்ளுங்கோ. ஏ.எம்.டி.யை நிலை நிலையாப் பிரிக்கிற, 2013இல வந்த பெக்மன் வகைப்பாட்டில, 63 மைக்ரோனுக்கு மேல 125 மைக்ரோன் வரைக்கும் ட்ரூசன் இருந்து மக்குலாவில நிறமாற்றம் இல்லையெண்டால்தான் ஆரம்பநிலை. 125ஐத் தாண்டினாலோ, நிறமாற்றம் வந்தாலோ இடைநிலை. 63க்குக் குறைஞ்ச பொட்டுகள் வயதோட வாறதுதான், அதை நோயெண்டு சொல்லி ஆக்களைப் பயப்படுத்தாதேங்கோ. அளவுகோல் தேவையெண்டால், பார்வை நரம்புத் தட்டின்ர விளிம்பைக் கடக்கிற பெரிய நாளத்தின்ர அகலம் கிட்டத்தட்ட 125 மைக்ரோன். இந்தப் பிரிப்பு வெறும் பெயருக்கில்லை. பெரிய ஆய்வுகளில விற்றமின், சிங்க் குளிசைகள் பயன் காட்டினது இடைநிலைக்கும், ஒரு கண்ணில முற்றின ஆக்களுக்கும். ஆரம்பநிலைக்கு அப்பிடி ஒரு பயன் காட்டப்படேல்லை.

சாட்டில ஏன் பிடிபடுதில்லை எண்டால், 6/6 வரியை வாசிக்கிறது நட்டநடுவில இருக்கிற கூம்புக் கலங்கள் (பகல் வெளிச்சத்தில நுணுக்கம் பார்க்கிறவை). அந்த நடுப் பகுதியில, ஒன்றேகால் பாகை அகலத்துக்கு, கோல் கலங்களே (மங்கல் வெளிச்சத்தில பார்க்கிறவை) இல்லை. இந்த நோயில முதல் அடிபடுறது அதைச் சுத்தியிருக்கிற கோல் கலங்கள். விழித்திரைக்கு அடியில இருக்கிற புரூக் சவ்வு தடிச்சுக் கொழுப்புப் படிஞ்சால் இரத்தத்தில இருந்து விற்றமின் ஏ வந்துசேரப் பிந்தும். வெளிச்சத்தில வெளிறின றொடொப்சின் (கோல் கலங்களில ஒளியைப் பிடிக்கிற நிறமி) திரும்ப உருவாகவும் பிந்தும். அதாலதான் கோயில் வாசலில நிக்கிறவர் "தெரியுதில்லை" எண்டு சொன்னாலும் உண்மையில நடக்கிறது "தெரிய நேரமெடுக்குது". முறைப்பாட்டைக் கேட்கேக்க "எவ்வளவு நேரத்துக்குப் பிறகு தெரியத் தொடங்கும்?" எண்டு கேளுங்கோ. "தெரியுதோ" எண்டு மட்டும் கேட்டால் ஓம் இல்லையிலயே நிண்டிடும்.

உங்களிட்ட இருக்கிற பொருளோட தொடங்க ஏற்றது குறைவெளிச்சப் பார்வைக்கூர்மை. முழுக் கண்ணாடித் திருத்தத்தையும் ட்ரயல் பிரேமில போடுங்கோ. மற்றக் கண்ணை ஒட்டுத்துணியால மூடுங்கோ, கையால பொத்த விடாதேங்கோ. வழமையான வெளிச்சத்தில லொக்மார் சாட்டை எழுத்தெழுத்தா எண்ணுங்கோ: வரிக்கு 5 எழுத்து, எழுத்துக்கு 0.02. பிறகு அதே கண்ணுக்கு முன்னால 2.0 லொக் அடர்த்தியுள்ள நடுநிலைப் பில்ரர் (என்.டி. எண்டு சொல்லுறது, நிறத்தை மாத்தாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும்). அதால வெளிச்சத்தில நூறில ஒரு பங்குதான் உள்ள போகும். இரண்டு நிமிடம் பொறுத்து, வேற எழுத்து வரிசையுள்ள சாட்டில திரும்ப வாசிக்க விடுங்கோ. இரண்டு எண்ணிக்கைக்கும் இடையில எத்தனை எழுத்து வித்தியாசமோ அதுதான் உங்கட இலக்கம்.

நல்ல வயசான கண்ணிலயும் இரண்டு மூண்டு வரி குறையும், அதைக் கண்டு பதறவேண்டாம். கண்ணின்ர வில்லை தெளிவா இருந்தும் நாலு வரிக்கு மேல இறங்கினால் அடிக்கோடிட்டு வையுங்கோ.

பிழைக்கிற இடங்கள் மூண்டு. ஒண்டு, பில்ரர் வாங்குறது. புகைப்படக் கடையில "என்.டி. 2" எண்டு கேட்டால் தாறது வெளிச்சத்தைப் பாதியாக்குறது, அதாவது 0.3 லொக். உங்களுக்கு வேண்டியது "என்.டி. 100", இல்லையெண்டால் "என்.டி. 2.0" எண்டு புள்ளி போட்டு எழுதினது. கிடைக்காட்டி என்.டி. 8ஐயும் என்.டி. 16ஐயும் ஒண்டுக்கு மேல ஒண்டா வைச்சால் 0.9உம் 1.2உம் சேர்ந்து 2.1 வரும், அது போதும். இரண்டு, பக்கத்தால வெளிச்சம் கசியிறது. பிரேமுக்கும் கன்னத்துக்கும் இடையில வாற வெளிச்சம் நூறில ஒண்டை லேசாத் தோற்கடிச்சிடும். கறுத்த வெல்வெற் துண்டால ஓரத்தை மறையுங்கோ, சாட்டுக்கு மட்டும் லைற் இருக்கட்டும். மூண்டு, வயசான ஆக்கள் மங்கலாத் தெரிஞ்ச உடனேயே "போதும் தம்பி" எண்டு நிப்பாட்டிப்போடுவினம். ஊகிச்சாவது சொல்லச் சொல்லுங்கோ. ஒரு வரியில 3 எழுத்துப் பிழைக்கும்வரை நிப்பாட்டாதேங்கோ.

---

தீவகத்தாள் மறுமொழி:

பனையடி அண்ணை சொன்னதோட கொன்ராஸ்ற் உணர்திறனையும் (மங்கல் எழுத்தைப் பின்னணியில இருந்து பிரிச்சறியிற திறன்) சேருங்கோ. உங்கட பட்டியலில அது இல்லை. வாங்க வேண்டியது ஒரேயொரு சாட்தான்.

பெல்லி-ரொப்சன் சாட்டில எழுத்து எல்லாம் ஒரே பருமன், கறுப்புத்தான் படிப்படியா மங்கும். மூண்டு எழுத்துக்கு ஒருக்கா 0.15 லொக் இறங்கும், மொத்தம் 16 தொகுதி. தூரம் 1 மீற்றர். வெள்ளெழுத்து உள்ள ஆளுக்குத் தூரத் திருத்தத்துக்கு மேல +0.75 டயொப்ரர் வில்லை சேருங்கோ, பலர் இதை விட்டுவிடுவினம். எழுத்தெழுத்தா எண்ணி, சரியான எழுத்தில 3ஐக் கழிச்சு 0.05ஆல் பெருக்குங்கோ. 36 எழுத்துச் சரியெண்டால் 1.65. 60 தாண்டின ஒற்றைக் கண்ணுக்கு அதுதான் எதிர்பார்க்கிற அளவு, 1.50க்குக் கீழ போனால் குறைவு. சீயை (C) ஓ (O) எண்டோ, ஓவைச் சீ எண்டோ சொன்னால் சரியெண்டே எடுங்கோ. மங்கல் எழுத்தில அந்தச் சின்ன இடைவெளி தெரியாமல் போறது பார்வையை விட எழுத்தின்ர வடிவத்தில இருக்கிற பிரச்சினை. எல்லைக்குக் கிட்ட வரேக்க அவசரப்படுத்தாதேங்கோ, 20, 30 செக்கன் உத்துப்பார்த்தால் எழுத்து மெல்ல எழும்பும்.

ஆங்கில எழுத்துத் தெரியாத அம்மாமாருக்கு: சாட்டில வாறது பத்தே எழுத்துத்தான். அந்தப் பத்தையும் பெரிசா ஒரு மட்டையில அடிச்சுக் கையில குடுங்கோ, தெரியிறதைத் தொட்டுக் காட்டினால் போதும். பெயர் சொல்லத் தேவையில்லை.

வெளிச்சம்தான் ஆக முக்கியம். சாட்டின்ர வெள்ளைப் பரப்பு சதுர மீற்றருக்கு 85 கன்டெலா அளவில இருக்கவேணும், 60 தொடக்கம் 120 வரை ஏற்கலாம். மினுங்காத வெள்ளை மட்டையில அது ஏறத்தாழ 300 லக்ஸ். லக்ஸ் மீற்றரைச் சாட்டின்ர நாலு மூலையிலயும் நடுவிலயும் வைச்சுப் பாருங்கோ. எங்கட அறைகளில மேல் ரியூப்லைற் ஒண்டு மட்டும் எரிஞ்சால் மேல் வரி 400, கீழ் வரி 200 எண்டு நிக்கும். மங்கல் எழுத்தெல்லாம் கீழதான் இருக்கு, ஆக ஆளின்ர கண்ணில பழி விழும். யன்னலையும் மூடுங்கோ. காலை பத்து மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் வேற வேற அறை மாதிரி இருந்தால் வருச ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. போன் செயலியால லக்ஸ் அளக்கிறதெண்டால் ஒருக்கா நல்ல மீற்றரோட ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறிச்சு வையுங்கோ. போனுக்குப் போன் நிறைய மாறும்.

"ரப்லெற்றில இலவசமாச் செய்யலாமே" எண்டு ஆரும் வருவினம், அதுக்கும் இப்பவே சொல்லிவிடுறன். சாதாரணத் திரையில வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையில 256 படி. வெள்ளைக்குக் கிட்ட ஒரு படி இறங்கினால் ஒளிர்வு 0.9 வீதமளவில குறையும். 1.65 லொக் எண்டால் 2.2 வீதக் கொன்ராஸ்ற், அதாவது இரண்டரைப் படி. அரைப் படி எண்டு ஒண்டு திரையில இல்லை. ஆரம்பநிலையில நாங்கள் தேடுற வித்தியாசம் விழுறதே அந்த இடத்திலதான். இதைச் சமாளிக்கிற விசேஷ மென்பொருள் இருக்கு, ஆனா கண்ட செயலியையும் இறக்கி வருசக் கணக்கு எழுதாதேங்கோ.

அச்சடிச்ச சாட்டை விரலால தொட்டுக் காட்டாதேங்கோ. வேர்வைக் கையால நாலுதரம் தொட்டால் 2 வீத எழுத்துக்குப் பக்கத்தில 5 வீத அழுக்கு நிக்கும். பாவிக்காத நேரம் துணி உறையால மூடி வெயில் படாத இடத்தில வையுங்கோ.

---

குருநகரான்:

நன்றி அண்ணை, அக்கா. இரண்டு சந்தேகம். வெல்டிங் கண்ணாடியைப் பில்ரராப் பாவிக்கலாமோ? அது ஹார்ட்வெயார் கடையில உடன கிடைக்கும். மற்றது, வெளிச்சம் அடிச்சுப்போட்டு மீளுற நேரத்தைப் பார்க்கிற சோதனை இருட்டுக்குப் பழகுற சோதனைக்குப் பதிலாகுமோ?

---

பனையடி:

வெல்டிங் கண்ணாடிக்குக் கணக்கு இருக்கு. அதில அடிச்சிருக்கிற இலக்கத்தில 1ஐக் கழிச்சு, 3ஆல் பெருக்கி 7ஆல் பிரிச்சால் அடர்த்தி வரும். 5ஆம் இலக்கம் 1.71, கிட்டத்தட்ட 1.9 வீத வெளிச்சம். 6ஆம் இலக்கம் 2.14, வெறும் 0.7 வீதம். சரியா 2.0 வராது. நிறமும் பச்சை, நடுநிலை இல்லை. உங்கட அறைக்குள்ளயே போன வருசத்தோட இந்த வருசத்தை ஒப்பிட, எப்பவும் அதே துண்டைப் பாவிச்சால் உதவும். வெளியில வந்த ஆய்வு இலக்கங்களோட பொருத்திப் பார்க்காதேங்கோ. தானாக் கறுக்கிற வகையை மட்டும் வாங்கிப்போடாதேங்கோ. முடிஞ்சால் புகைப்படப் பில்ரரையே எடுங்கோ, பெரிய விலை வித்தியாசம் இல்லை.

இரண்டாவது: இல்லை, பதிலாகாது. ஆனா செய்யவேண்டிய சோதனைதான். காசு செலவில்லை.

முதலில அந்தக் கண் வாசிக்கிற ஆகக் குறைஞ்ச (ஆகச் சின்ன) வரியைக் குறிச்சுக்கொள்ளுங்கோ. மற்றக் கண்ணை மூடி, ஒப்தல்மொஸ்கோப் லைற்றைக் கண்ணுக்கு 2, 3 செ.மீ. முன்னால பிடிச்சு, நேரா லைற்றைப் பார்க்கச் சொல்லி 10 செக்கன். லைற்றை எடுத்த கணத்தில ஸ்ரொப்வோச்சைத் தட்டுங்கோ. ஆகக் குறைஞ்ச வரிக்கு ஒரு வரி மேல உள்ளதில 3 எழுத்தைச் சரியா வாசிக்கிற வரைக்கும் எத்தனை செக்கன்? வழமையா 50, 60 செக்கனுக்குள்ள மீளும், வயசு கூடக்கூடக் கொஞ்சம் நீளும். ஒண்டரை நிமிடம் தாண்டினால் மக்குலாவைச் சந்தேகிக்கலாம். பார்வை நரம்பில கோளாறு எண்டால் பார்வை குறைஞ்சிருந்தாலும் மீளுற நேரம் பெரிசா நீளாது, அதுவும் ஒரு உபயோகம்.

பிழைக்கிறது எங்க எண்டால், சார்ஜ் இறங்கின லைற். மின்வெட்டு நாளில ஒப்தல்மொஸ்கோப் பற்றரி பாதியில நிக்கும், அண்டைக்கு எல்லாரும் கெதியா மீளுவினம். அடுத்தது வரிசை. பிளவு விளக்கில பார்த்து முடிச்சோ, கண்மணியை விரிக்கத் துளி விட்டோ இதைச் செய்தால் இலக்கம் குப்பை. மூண்டாவது, கண்ணை ஓரமாத் திருப்புற ஆள். லைற் நடுவில விழாட்டி நடு வெளிறாது. கண்மணிக்குள்ள லைற்றின்ர பிரதிபலிப்பைப் பார்த்துக்கொண்டு பிடியுங்கோ.

ஏன் பதிலாகாதெண்டால், இது அளக்கிறது பெரும்பாலும் கூம்புக் கலங்கள் மீளுற வேகத்தை. இருட்டுக்குப் பழகுற கருவி அளக்கிறது கோல் கலங்களை. அதில ஒரு பளிச் வெளிச்சத்தால விழித்திரையின்ர ஒரு துண்டை வெளிற வைச்சு, நடுவில இருந்து 5 பாகை தள்ளி ஒரு சின்னப் பொட்டைக் காட்டி, கண்ணின்ர உணர்திறன் குறிச்ச படிக்கு வர எத்தனை நிமிடம் எண்டு பார்க்கும். ஒரு பிரபலமான கருவியில 6.5 நிமிடத்துக்கு மேல போனால் பிந்தினது எண்டு எடுக்கினம். அமெரிக்காவில அலபாமாவில நடந்த அல்ஸ்ரார் ஆய்வில, மக்குலா நல்லா இருந்த முதியவர்களில இப்பிடிப் பிந்தினவைக்கு மூண்டு வருசத்தில ஏ.எம்.டி. வாற வாய்ப்பு மற்றவையை விடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எண்டு 2016இல வெளியிட்டவை. கருவி இல்லாமல் அறை லைற்றை நிப்பாட்டிப்போட்டு "இப்ப தெரியுதோ" எண்டு கேட்கிறதை இதுக்குப் பதிலா எழுதிவைக்கிறதை நான் ஏற்கமாட்டன். ஆரம்ப வெளிறலும் அளவில்லை, பொட்டும் அளவில்லை.

ஆனா உங்களிட்ட ஓ.சி.ரி. இருக்கு. நிறமிப் படைக்கு (ஒளிவாங்கிகளான கோல், கூம்புக் கலங்களுக்கு அடியில இருக்கிற படை) கீழ இருக்கிற சாதாரண ட்ரூசனை மட்டும் பார்த்துப்போட்டு விடாதேங்கோ. நிறமிப் படைக்கு மேல, ஒளிவாங்கிகளின்ர அடியில, சின்னச் சின்ன முனைகளா எழும்புற படிவுகள் இருக்கோ எண்டு தேடுங்கோ. நிறப் படத்தில அவை லேசில தெரியாது, அகச்சிவப்புப் படத்தில வலை மாதிரித் தெரியும். இருட்டுப் பழக்கம் ஆக மோசமாப் பிந்துறது அந்தப் படிவு உள்ள ஆக்களுக்குத்தான். கோயில் வாசல் முறைப்பாடு கடுமையா இருந்து ட்ரூசன் கொஞ்சமா இருந்தால் முதல் அங்க பாருங்கோ. அதுவும் இல்லையெண்டால் ஈரல் வருத்தம், உணவில விற்றமின் ஏ குறைவு, குடும்பத்தில மாலைக்கண், இதெல்லாம் விசாரிக்க வேணும். எல்லாத்தையும் ட்ரூசனில போடேலாது.

---

கற்கண்டு:

அம்ஸ்லர் கட்டத்தை (கோணல் தெரியுதோ எண்டு பார்க்கிற கட்டக் கோட்டுத் தாள்) ஒருத்தரும் சொல்லேல்லையே? எல்லாக் கிளினிக்கிலயும் குடுக்கினம்.

---

தீவகத்தாள்:

வேணுமெண்டுதான் சொல்லேல்லை. அம்ஸ்லர் ஆரம்பநிலையை அளக்கிற கருவி இல்லை, ஈரவகைக்கு (புது நாளங்கள் வந்து கசியிற வகை) மாறினால் கண்டுபிடிக்க வீட்டில வைச்சிருக்கிற எச்சரிக்கை மணி. அதிலயும் தவறவிடுறது நிறைய. கோட்டில விழுற சின்ன ஓட்டையை மூளை தானா நிரப்பிப்போடும், பக்கத்துக் கோடுகளும் குழப்பும். "கட்டம் நேராத்தான் தெரியுது" எண்டதை வைச்சு நோய் கூடேல்லை எண்டு எழுதவேண்டாம்.

குடுக்கிறதெண்டால் ஒழுங்காக் குடுங்கோ. 10 செ.மீ. சதுரம், 5 மி.மீ. கட்டம், 30 செ.மீ. தூரம். அப்ப ஒரு கட்டம் ஒரு பாகை, நடுவில இருந்து எல்லாப் பக்கமும் பத்துப் பாகை அடங்கும். கடையில போட்டோக்கொப்பி அடிக்கேக்க "பக்கத்துக்குப் பொருத்து" எண்டு விட்டால் கட்டம் 4 மி.மீ. ஆகிவிடும், அடிமட்டம் வைச்சுப் பாருங்கோ. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டு, ஒவ்வொரு கண்ணா. இரட்டைக் குவியக் கண்ணாடியெண்டால் கீழ்ப் பகுதியால. பிறிட்ஜ் கதவில ஒட்டி ஒரு மீற்றர் தள்ளி நிண்டு இரண்டு கண்ணாலயும் பார்க்கிறதில ஒரு பிரயோசனமும் இல்லை, ஆனா முக்கால்வாசி வீட்டில நடக்கிறது அதுதான்.

கட்டத்தைப் பார்க்கச் சலிக்கிற ஆக்களுக்கு யன்னல் கம்பி நல்லம். எங்கட பழைய வீட்டு யன்னலில நிமிர்ந்த இரும்புக் கம்பி வரிசையா நிக்கும். காலமை தேத்தண்ணி குடிக்கிற கதிரையில இருந்தபடி ஒரு கண்ணைப் பொத்தி நடுக் கம்பியைப் பார்க்கிறது, பிறகு மற்றக் கண். பக்கத்துக் கம்பி வளைஞ்சால், உடைஞ்சால், ஒரு இடத்தில மங்கல் பொட்டு நிண்டால், அடுத்த மாதக் கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு கிழமைக்குள்ள விழித்திரை வைத்தியரிட்டக் காட்டவேணும். ஊசி போடவேண்டி வந்தால் பிந்திற ஒவ்வொரு கிழமையும் பார்வையில கழியும்.

---

நாவற்குழி:

பெரிமீற்றர் இருக்கெண்டீங்கள், அதுபற்றி ஒருவரும் சொல்லேல்லை. 10-2 அமைப்பைப் (நடுப் பத்துப் பாகையை மட்டும் பார்க்கிறது) போடுங்கோ: 2 பாகை இடைவெளியில 68 புள்ளி. 24-2 போட்டால் 6 பாகைக்கு ஒரு புள்ளி, மக்குலாவுக்குள்ள விழுறது நாலஞ்சுதான். நடுப்புள்ளி உணர்திறனையும் திறந்துவிடுங்கோ. கிட்டத் தூரத்துக்கான வில்லைத் திருத்தம் கட்டாயம், கிண்ணம் 30 செ.மீ. தூரத்தில இருக்கு.

ஆனா நிறைய எதிர்பார்க்காதேங்கோ. பெரிமீற்றரின்ர பின்னணி 10 கன்டெலா, பகல் வெளிச்சப் பக்கம். ஆரம்பநிலையில முற்றிலும் வழமையா வரலாம், அல்லது அங்கங்க இரண்டு மூண்டு டெசிபெல் (பெரிமீற்றரில உணர்திறனின்ர அலகு) குறையலாம். மைக்ரோபெரிமீற்றரில பின்னணி 1.27 கன்டெலா, அந்தி வெளிச்சம். அதோட விழித்திரையைப் பின்தொடர்ந்து அதே இடத்தில பொட்டைப் போடும், அதால ட்ரூசனுக்கு மேல என்ன நடக்குது எண்டு சொல்லேலும். அதிலயும் தனிப் புள்ளி ஒண்டு 4, 5 டெசிபெல்லுக்குள்ள ஏறி இறங்கினால் மாற்றம் எண்டு எடுக்கிறதில்லை. எந்தப் பெரிமீற்றரிலயும் முதல் தடவை பழக்கத்துக்கு, அந்த இலக்கத்தை அடிப்படையா வைக்காதேங்கோ. இரண்டாவது தடவைதான் அடிப்படை.

இந்தப் பழக்கக் கணக்கு மற்றச் சோதனைக்கும் பொருந்தும். லொக்மாரில 5 எழுத்துக்குள்ள மாறினால் மாற்றம் இல்லை. பில்ரரோட செய்தால் இன்னும் கொஞ்சம் தளர்வு விடுங்கோ. பெல்லி-ரொப்சனில 0.20க்குக் குறைஞ்சதைப் பார்த்து "கூடிப்போச்சு" எண்டு சொல்லவேண்டாம்.

பேப்பர் முறைப்பாட்டுக்கு நேரடியா ஒரு சோதனை: வாசிப்பு வேகம். தமிழில சொல்லை எண்ணாதேங்கோ. "போகவேண்டியிருந்தபடியால்" ஒரு சொல், "வா"வும் ஒரு சொல். எழுத்தை எண்ணுங்கோ. ஒரே மாதிரிச் சுலபமான நாலு பந்தி, ஒவ்வொண்டும் 300 எழுத்தளவில, ஒரே எழுத்துருவில பேப்பர் எழுத்தின்ர பருமனுக்கு அடியுங்கோ. 40 செ.மீ.இல வைச்சுச் சத்தமா வாசிக்க விடுங்கோ. ஒருக்கா 400 லக்ஸில, ஒருக்கா 15 லக்ஸில, ஒவ்வொரு தடவையும் வேற பந்தி. நிமிடத்துக்கு எத்தனை எழுத்து எண்டு இரண்டையும் எழுதுங்கோ. பிழையை மட்டும் எண்ணினால் ஏமாறுவீங்கள். மங்கலில முதல் தவறுறது புள்ளியும் சுழியும்தான், ஆனா தமிழ் நல்லா வாசிச்சுப் பழகின ஆள் வசனத்தை வைச்சு அதை ஊகிச்சுச் சரியாச் சொல்லிப்போடுவார். ஊகிக்கச் செலவாகிற நேரம் மட்டும் மறையாது. பாட்டோ தேவாரமோ குடுக்காதேங்கோ, பாதிப் பேருக்கு அது மனப்பாடம்.

---

குருநகரான்:

எல்லாத்தையும் ஒரே நாளில எந்த வரிசையில செய்யிறது? கண்புரை உள்ள ஆக்களை என்ன செய்யிறது?

---

பனையடி:

முறைப்பாடு கேட்கிறது, திருத்தம் பார்க்கிறது, வழமை வெளிச்சக் கூர்மை, பெல்லி-ரொப்சன், வாசிப்பு, பிறகு பில்ரரோட குறைவெளிச்சக் கூர்மை. இவை முடிஞ்ச பிறகு லைற் அடிச்சு மீளுற நேரம். கடைசியாத் துளி விட்டுப் படமும் ஓ.சி.ரி.யும். பெரிமீற்றரை வேற நாளுக்கு விடுங்கோ, களைச்ச கண்ணில 10-2 செய்தால் விளிம்பெல்லாம் கறுப்பா வரும். ஒரு கண்ணுக்கு அரை மணித்தியாலம் போதும். இரண்டு கண்ணையும் செய்யேக்க எல்லா ஆக்களுக்கும் வலக்கண்ணில தொடங்கினால் இடக்கண் எப்பவும் களைச்ச கண்ணா இருக்கும். ஆனா ஒரே ஆளுக்கு வருசா வருசம் ஒரே வரிசையாத்தான் இருக்கவேணும், அதால எந்தக் கண் முதல் எண்டதையும் தாளில எழுதுங்கோ. அதோட சாட்டில நிண்ட லக்ஸ், பில்ரர் இலக்கம், கண்மணியின்ர அகலம், போட்டிருந்த திருத்தம், வில்லையின்ர நிலை.

கண்புரை உள்ள கண்ணில குறைவெளிச்ச இலக்கமும் கொன்ராஸ்ற்றும் இரண்டும் இறங்கும், அதை மக்குலாவின்ர கணக்கில எழுதேலாது. ஊசித்துளைத் தகட்டை வைச்சுப் பாருங்கோ. மிச்சத் திருத்தக் குறைவில கூர்மை ஏறும், கண்புரையிலயும் சிலவேளை ஏறும். மக்குலா பழுதெண்டால் ஏறாது, வெளிச்சம் குறையிறதால சிலவேளை இறங்கும். வில்லை நல்லாக் கலங்கியிருந்தால் சத்திரசிகிச்சை முடிஞ்சு கண் ஆறின பிறகு எல்லாத்தையும் புதிசா எடுத்து அதையே அடிப்படையா வையுங்கோ. பழைய இலக்கத்தோட கோடு இழுக்காதேங்கோ. செயற்கை வில்லை வைச்ச கண்ணிலயும் பின்சவ்வு கலங்கியிருக்கோ எண்டு ஒருக்காப் பார்த்திட்டுத் தொடங்குங்கோ.

---

தீவகத்தாள்:

ஒண்டு விடுபட்டது. கண்ணழுத்தத்துக்குக் கண்மணியைச் சுருக்கிற துளி விடுற ஆக்களுக்குக் குறைவெளிச்ச இலக்கம் பொய்யா மோசமா வரும். மருந்துப் பட்டியலை முதலே கேட்டு எழுதுங்கோ. துளியைத் தாங்களா நிப்பாட்டிப்போட்டு வரச் சொல்லாதேங்கோ.

பகல் வெயிலில சைக்கிளில வந்த ஆளை உடன சாட்டுக்கு முன்னால இருத்தாதேங்கோ. அறைக்குள்ள கால் மணித்தியாலம் இருக்க விட்டு, அந்த நேரத்தில முறைப்பாட்டைக் கேட்டு எழுதுங்கோ.